டி, ஐ, ஓ, என் வாரமும் நான்கரையாவது மாடியும்

ஆங்கிலத்தில் டி, ஐ, ஓ, என் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் சொற்கள் மட்டும் பிறவாதிருந்தால், மனிதகுலம் இன்றுவரை ஒரு கூட்டம்கூட நடத்தியிருக்காது என்பது என் துணிபு. தீர்மானம் போடுவதற்கும், போட்டதைச் செய்யாமல் இருப்பதற்கும் அச்சொற்களே ஆதாரம். புனே மாநகரில் இப்பேருண்மையை முதலில் உணர்ந்தவர்கள், சாங்வியில் எங்கள் ஏழு மாடிக் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர்.

பாதுகாப்புக் கணக்குத் துறையில் ஓய்வுபெற்ற சந்தானம் எங்கள் தலைவர். "வெளியில ஹிந்தி, மராட்டி. ஆத்துல தமிழ். இங்கிலீஷ்தான் சார் அனாதையா நிக்கறது" என்று ஒருநாள் கண் கலங்கினார். உடனே எங்கள் வாட்ஸப் குழு 'ஆங்கில மேம்பாட்டுக் குழு' எனப் பெயர் மாற்றம் கண்டது. வாரம் ஓர் எழுத்துக் கோவை; இக்கதை நடந்த வாரத்தில் டி, ஐ, ஓ, என். காலை ஒன்பது முதல் பத்து வரை 'சொல் நேரம்'. அப்போது வரும் ஒவ்வொரு செய்தியிலும் அக்கோவையில் முடியும் ஒரு சொல், அதன் தமிழ்ப் பொருள், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். இல்லாத செய்தி அழிக்கப்படும். அழிப்பவர் ஹரீஷ்; வீட்டிலிருந்தபடி கணினி வேலை பார்க்கும் இளைஞர்; பதவி, 'ஒழுங்கு அலுவலர்'. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொன்ன குற்றத்திற்காக என்னை 'நடுவர்' ஆக்கினார்கள்.

குழுவின் ஒழுங்கு கண்டிப்பானது. லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்ற புகார் சொல் நேரத்தில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் உரிய சொல் இல்லாமையால் நீக்கப்பட்டது.

ஆறாம் மாடி லலிதா எங்கள் குழுவின் நம்பிக்கை நட்சத்திரம். வங்கியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குமாஸ்தா. அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்குச் சிவாஜிநகர் வட்டார அலுவலகத்தில் அவருக்கு அதிகாரி பதவிக்கான நேர்முகத் தேர்வு. ஒரு நிமிடம் தாமதித்தாலும் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாளே என்னிடம் ஆசி வாங்கிக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் எங்கள் குழுவின் வளர்ப்பு என்று நான் பூரித்தேன்.

ஒன்பதே காலுக்குக் குழுவில் அவரிடமிருந்து ஏதோ வந்தது. நான் கண்ணாடி மாட்டுவதற்குள் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்றிருந்தது. இன்னொன்று வந்தது; அதுவும் போயிற்று. ஹரீஷின் சுறுசுறுப்பைச் சந்தானம் பாராட்டினார். மூன்றாவது நிலைத்தது.

"வென்டிலேஷன்: காற்றோட்டம். எ.கா.: நான் மாட்டிண்டிருக்கும் லிஃப்டில் வென்டிலேஷன் இல்லை."

என்ன உயிரோட்டமான வாக்கியம்! தேர்வுக்குப் போகும் வழியில், ஆட்டோவில் குலுங்கியபடி எழுதுகிறாரே என்று நெகிழ்ந்து பத்துக்கு எட்டு போட்டேன். இரண்டாம் மாடி விச்சு, சென்ற வாரத்து வெற்றியாளர், பொறாமையில் 'ஸஃபகேஷன்: மூச்சுத் திணறல்' என்று எடுத்துக்காட்டோடு பதிலடி கொடுத்தார். லலிதா விடவில்லை.

"இன்ஃபர்மேஷன்: தகவல். எ.கா.: இது எடுத்துக்காட்டு இல்லை, நிஜமான இன்ஃபர்மேஷன்."

ஒன்பது. விச்சுவே 'மாமி, பிரமாதம்' என்று எழுதினார். சொல் இல்லாததால் அது அழிக்கப்பட்டது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம்.

"ப்ரொமோஷன்: பதவி உயர்வு. எ.கா.: இப்பவே யாராவது கதவைத் திறக்கலைன்னா எனக்கு ப்ரொமோஷன் கிடையாது."

இலக்கிய நயம் கருதிப் பத்துக்குப் பத்து. 'கதவு' என்பது வாய்ப்பின் குறியீடு என்று ஒரு விளக்கக் குறிப்பும் எழுதினேன்.

பத்து மணிக்கு லலிதா முதலிடம் என்று அறிவித்தோம். சான்றிதழை அவர் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று கிளம்பி லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. படியேறினேன். என் வயதில் ஒவ்வொரு மாடியிலும் ஓய்வு தேவை. ஐந்தாம் மாடிக்கு வந்தபோது பத்தே முக்கால். லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து தட்டும் ஓசை கேட்டது.

"யாரு? நடுவர் சாரா?"

"லலிதாவா? வாழ்த்துகள் அம்மா. முதல் பரிசு."



"சார், ஒன்றரை மணி நேரமா உள்ள நிக்கறேன். ஃபோன் பேசினா கட்டாயிடறது. மெசேஜ்தான் போறது. அதையும் அழிச்சேள். பத்து மணியோட சார்ஜும் போயிடுத்து."

அவசரம் எனக்கும் புரிந்தது. ஆயினும் முறையை மீறலாகாது. தலைவருக்குத் தெரிவிக்கிறேன் என்று கைபேசியை எடுத்தேன். அப்போது படிக்கட்டில் துடைப்பத்தோடு பவுன் வந்தாள். போபோடியிலிருந்து தினமும் எங்கள் மாடிப்படி பெருக்க வருபவள். ஆங்கிலம் அறியாதவள் என்பதால் குழுவில் சேர்க்கப்படாதவள்.

"இன்னாய்யா, உள்ள ஆள் இருக்குது, நீ காயிதத்த வெச்சிக்கினு நிக்கிற?"

பதிலுக்குக் காத்திராமல் கீழே ஓடினாள். காவலாளியிடம் மராட்டியில் இரண்டு வார்த்தை கத்தியது எனக்கே கேட்டது. சாவி வந்தது. கதவு திறந்தது. நான்கு நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. நான்காம், ஐந்தாம் மாடிகளுக்கு நடுவில் நின்ற பெட்டியிலிருந்து லலிதாவைக் கைகொடுத்துத் தூக்கியவளும் அவளே. மணி பத்து ஐம்பது. சாங்வியிலிருந்து சிவாஜிநகருக்குப் பத்து நிமிடத்தில் போகும் வண்டியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

லலிதா புடவைத் தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டார். சான்றிதழை வாங்கி, எழுத்து விடாமல் வாசித்து, மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "பத்திரமா வெச்சுக்கோங்கோ சார். உங்களுக்குத்தான் உபயோகம்" என்றார். பிறகு படியேறிப் போய்விட்டார்.

நான் சொன்ன கதைகளில் ஆடு எத்தனையோ முறை கிணற்றில் விழுந்திருக்கிறது. நரி எட்டிப் பார்த்துச் சிரித்ததுண்டு, ஏமாற்றியதுண்டு. ஆட்டின் கூக்குரலுக்கு மதிப்பெண் போட்ட நரி எந்தக் கதையிலும் இல்லை.

மறுநாள் சொல் நேரத்தில் குழுவில் ஒரே ஒரு வரி வந்தது: 'லலிதா வெளியேறினார்'. அதில் உரிய சொல் இல்லை, பொருள் இல்லை, எடுத்துக்காட்டும் இல்லை. ஹரீஷ் பலமுறை முயன்றார். அதை மட்டும் அவரால் அழிக்க முடியவில்லை.