ரெப்பை பாயிடம் கண்ணைக் காட்டினேன்

காலடிப்பேட்டையில் கண்ணாடியில் முகம் பார்த்தவர்களைவிட ரெப்பை பாயிடம் கண்ணைக் காட்டியவர்கள்தான் அதிகம். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முதல் ஓட்டுக் கேட்டு வருகிறவர் வரை யாரும் தப்பியதில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போதே கட்டை விரலால் எதிராளியின் கீழ் இமையை இழுத்து எட்டிப் பார்ப்பார். "செவப்பா கீது. போ நைனா, நூறு வயசு!"

தொழில் அப்படி. சந்தையில் யாரும் சீண்டாத நோஞ்சான் ஆட்டுக்குட்டிகளாகப் பார்த்து வாங்கித் தேற்றுவார். முதலில் முதுகெலும்பில் விரலை ஓட்டி, சதை பிடித்திருக்கிறதா, எலும்பு குத்துகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ரெப்பை. உள்பக்கம் வெளுத்திருந்தால், வயிற்றுப் புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

எடையும் போடுவார். குட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய பேப்பர் கடை மெஷினில் ஏறி, வருவதில் தன் எடையைக் கழிப்பார். தன் எடையை அவர் கடைசியாகப் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால்.

"இன்னா பாய், ஆட்டுக்குட்டியா, யானைக்குட்டியா?" என்பார் கடைக்காரர்.

"அதான் மெஷின நம்பாத, ரெப்பைய நம்புன்றேன்!"

தீப்பெட்டி என்று ஒரு குட்டி வைத்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு சட்டி சோறு கொண்டுபோனேன்.

"அய்ய, வேணாம்மா! ஒல்லிக்குட்டிக்கு ஒரேடியா சோத்தப் போட்டா வயிறு ஊதிப் பூடும். மொதல்ல புழு மருந்து. அப்பால தழை, கீரை. கொஞ்சம் கொஞ்சமா நாலு தபா."

கஞ்சர் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அந்தச் சோற்றையும் என் மகள் மலர் தட்டிலேயே கவிழ்த்திருப்பேன். பதின்மூன்று வயது, குச்சி மாதிரி இருந்தாள். மலையாகக் குவித்து, திட்டித் திட்டித் தின்ன வைப்பேன். கேட்பவர்களிடம், "படிக்கிற பொண்ணு, அதான் இளைச்சுட்டா" என்று பெருமை வேறு.

ஒருநாள் காலை அவளைப் பள்ளி ஆட்டோவில் ஏற்றும்போது பாய் வந்தார். கட்டை விரல் அவள் கண்ணுக்குப் போனது.

"வெளுத்துகீதும்மா. பாப்பாவ டாக்டராண்ட இட்டுகினு போ."

ஆட்டோவில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பால் வாங்க நின்றவர்கள் திரும்பினார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"என் பொண்ணு என்ன ஆட்டுக்குட்டியா? புழுக்கை அள்ற கலீஜ் கைய அவ மேல வைக்கிறியா நீ?"

அறுபது வயது மனிதரை ஒருமையில் கேட்டேன். அவர் கையை லுங்கியில் துடைத்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அதற்குப் பிறகு அவர் தெருவில் யார் கண்ணையும் தொடவில்லை.

மூன்றாம் வாரம், பள்ளிப் பிரார்த்தனையில் மலர் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் செய்தது, கட்டை விரலால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுதான்.

"இப்படி வெளுத்திருக்கே! இத்தனை நாள் யாருமே சொல்லலையா உங்ககிட்ட?"

தலையைக் குனிந்துகொண்டேன். ரத்தம் ஏற்றினார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தது: புழு மாத்திரை, கீரை, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. தீப்பெட்டிக்குச் சொன்ன அதே வைத்தியம்; கையெழுத்துதான் புரியவில்லை. இப்போது தேறிவிட்டாள். ஆனாலும் குளியலறையில் அவள் கொஞ்சம் தாமதித்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறேன்.

பாயைப் பார்க்கப் போக எனக்கு ஒரு மாதம் ஆனது. கொழுத்துப்போன தீப்பெட்டி என்னை முட்டி வரவேற்றது.

"பாய், அன்னிக்கு நான்..."

"பாப்பா எப்டி கீது? அத்த சொல்லும்மா."

"நல்லா இருக்கா பாய்."

என் முகத்தைப் பார்த்தார். பழக்கத்தில் எழுந்த கட்டை விரல் பாதியில் நின்றது. அப்படியே லுங்கியில் துடைக்கப் போனது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என் ரெப்பையை நானே இழுத்துப் பிடித்து, "பாருங்க பாய்" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "அழுது அழுது செவந்துகீது, ஒண்ணும் தெர்லம்மா. நாளிக்கு வா."

மறுநாளும் போனேன்.