சனிக்கிழமை பன்னிரண்டு மணிக் கடல்

எனக்குத் தெரியாத விஷயத்தைத்தான் நான் அதிக நிச்சயத்தோடு சொல்வேன். அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி மகனான எனக்கு, தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர். எங்கள் வயலுக்கு முறை, சனிக்கிழமை பன்னிரண்டு மணி. பன்னிரண்டு அடித்தால் மடை திறக்கும். (ஒரு நிமிடம் பிந்தினால் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு நிற்பார்.) கடலும் தண்ணீர்தானே என்று நினைத்ததில் ஆரம்பித்தது என் மானக்கேடு.

எண்பதுகளின் தொடக்கம். மதுரை கே.கே. நகரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஜாதகத்தில் ஏதோ தோஷமாம். பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையும் தேவிபட்டினம் போய், கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கற்களைச் சுற்றிவிட்டு வந்தால்தான் நிச்சயதார்த்தம் என்றார் அவள் அப்பா. மனிதருக்குத் தண்ணீர் என்றாலே பயம்.

"முழங்காலுக்கு மேல தண்ணி இருந்தா நான் எறங்க மாட்டேன் மாப்ள. இந்த ஒரு காரியத்த நல்லபடியா முடிச்சுக் குடுங்க, தட்ட மாத்திருவோம்."

விடுவேனா? அந்தச் சனிக்கிழமையே தனியாகப் போய் வேவு பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குக் கணுக்கால் தண்ணீர். ஆஹா, கடலின் முறை தெரிந்துவிட்டது!

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கே இருவரும் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் முழங்கால் அளவு. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இப்பவே சுத்திரலாமே மாப்ள?"

"அவசரப்படாதீங்க மாமா. பன்னெண்டுக்கு இம்புட்டுக்கூட இருக்காது" என்று பிடித்து உட்கார வைத்தேன்.

பத்தரைக்குத் தண்ணீர் ஏறியதுபோல் இருந்தது. (கண்தான் ஏமாற்றுகிறது என்றேன்.) பதினொன்றரைக்குக் கற்களில் பாதியைக் காணோம். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன், ஓடியது. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "கடைசியா ஒருவாட்டி ஏறிட்டுத்தான் மாமா எறங்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

சரியாகப் பன்னிரண்டுக்கு, "நான் புடிச்சுக்கிறேன் மாமா" என்று கையைப் பிடித்து இறக்கினேன். இடுப்புக்கு மேல் தண்ணீர். இரண்டாம் சுற்றில் அவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மூன்றாம் சுற்றில் வேட்டி அவரை விட்டுவிட்டு இலங்கைப் பக்கம் கிளம்பியது. போன வாரமும் என்னைப் பார்த்திருந்த, கரையில் நவதானியம் விற்ற பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போன சனி வத்தம்னா, இந்தச் சனி அதே நேரத்துக்கு ஏத்தம்லண்ணே! தெனமும் முக்கா மணி போலத் தள்ளிக்கிட்டே போகுமே. நெலாவப் பாத்து வராம கடியாரத்தப் பாத்தா வருவாக?"

என் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர், மதுரை வரை இடுப்பு முடிச்சைப் பிடித்தபடியே வந்தார். கல்யாணம் போச்சு என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் துண்டோடு நின்ற அப்பாவைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏப்பா, இவருக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரலியே. இவரையே முடிங்க."

முடித்தார்கள். பேரன் எடுத்தாச்சு. இன்றைக்கும் நான், "பத்து மணிக்கு வாரேன்" என்று சொல்லிக் கிளம்பினால் போதும், அடுப்படியிலிருந்து அவள் தன் அப்பாவுக்குக் குரல் கொடுப்பாள்: "ஏப்பா, வேட்டிய இறுக்கிக் கட்டிக்கங்க!"

எங்களோடு இருக்கும் எண்பத்தெட்டு வயது மாமா சிரிப்பதில்லை. இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.