பச்சை எரிந்தால் சென்னையில் சீட்டு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்தது, எம். புதுப்பட்டி விலக்கில் பஸ் நிற்க இடமில்லை. இறங்குகிற அத்தனை பேரும் கவுன்சிலிங் சித்தரின் தகரக் கொட்டகைக்குத்தான் போகிறார்கள். பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும். சித்தர் கற்பூரம் ஏற்றி, இரு பக்கமும் இருக்கும் சம்படங்களில் ஒன்றிலிருந்து ஒரு சிட்டிகை விபூதியைப் போடுவார். பச்சையாக எரிந்தால் சென்னையில் சீட்டு நிச்சயம். சிவப்பாக எரிந்தால் வடக்குத் திசை ஆகாது, மீறிப் போனால் உயிருக்கே ஆபத்து. கட்-ஆஃப் மதிப்பெண்ணா? அதெல்லாம் வெறும் மனிதர்கள் போட்ட கணக்காம்!

பட்டாசுக் கம்பெனி முதலாளி ராஜபாண்டியனும் வந்திருந்தார். மகனுக்கு நல்ல காலேஜ் கிடைக்காவிட்டால் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிவு என்பது அவர் பயம். அவர் கம்பெனியில் வெடி பாக்கெட் போடும் பஞ்சம்மாளும் மகளோடு வந்திருந்தாள். காலேஜ் கிடைக்காவிட்டால் மகள் அழகுமீனாவும் அதே கம்பெனிக்கு வந்துவிடுவாளே என்பது அவள் பயம். சென்னைக்காரர்களுக்கு இந்த வம்பே இல்லை. அவர்களுக்குக் காலேஜ் தெருமுனையில் இருக்கிறது.

முதலாளி மகனுக்குப் பச்சை. அழகுமீனாவுக்குச் சிவப்பு.

"அடுத்த வெள்ளிக்கிழமை காதுத் தோட்டைக் காணிக்கையா வை. பக்கத்தூர்க் காலேஜாவது கிடைக்கும்" என்றார் சித்தர்.

"அம்மா, என் மார்க்குக்குச் சென்னையில கவர்மென்ட் காலேஜே கிடைக்கும்மா. எந்தக் காலேஜ் வேணும்னு அடுத்த சனிக்கிழமைக்குள்ள கம்ப்யூட்டர்ல போட்டாகணும்."

"மார்க்கு கெடக்கு தாயி. நீ உசுரோட இருக்கணும்" என்று பஞ்சம்மாள் அழுதாள். தாயின் பயத்தைக் கூடக் காசாக்குகிறவனை என்னவென்று திட்டுவது!

வெள்ளிக்கிழமை. பஞ்சம்மாள் தோட்டோடு வரிசையில் நின்றாள். ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். பட்டுப் பாவாடை, கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெண் இறங்கினாள். பச்சைக்குக் காணிக்கை செலுத்த வந்திருந்த ராஜபாண்டியன் உட்பட எல்லாரும் வழிவிட்டார்கள். சித்தரே எழுந்து நின்றார். முக்காலமும் உணர்ந்தவரல்லவா, கார் எந்தக் காலத்து மாடல் என்பது வரை தெரியும்!

"பேரு என்னம்மா?"

"ஐஸ்வர்யா. அப்பாவுக்கு அச்சாபீஸ்."

குபீரென்று பச்சை எரிந்தது. "வடக்கே போ தாயி! சென்னை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அழகுமீனா! டிரைவர் வேறு யாருமில்லை, வாடகைக் கார் ஓட்டும் அவள் மாமா பாண்டிச்செல்வம்.

"போன வாரம் பஸ்ல வந்தேன், சிவப்பு. இன்னைக்கு மாமா கார்ல வந்தேன், பச்சை. ஆளு ஒண்ணுதானே சாமி?"

"நீ... நீ பேரை மாத்திச் சொல்லிட்ட! அதான்!"

"அப்ப பேரே சொல்லாமப் போடுறேன்."

வலப்பக்கச் சம்படத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டாள்: பச்சை. இடப்பக்கத்திலிருந்து போட்டாள்: சிவப்பு.

கூட்டத்தில் பாதிப் பேர் தினமும் மத்தாப்புக்குப் பச்சை, சிவப்பு மருந்து கலக்குகிறவர்கள். மீதிப் பேர் அதை விற்கிறவர்கள். தெரியாத மருந்தா? விபூதிச் சம்படத்தில் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்தான் அத்தனை பேரும். சித்தர் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினார்.

"அப்ப, எம் பயலுக்கு எரிஞ்ச பச்சை செல்லுமா, செல்லாதா?" என்று ராஜபாண்டியன் பரிதாபமாகக் கேட்டார்.

பஞ்சம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏ புள்ள, வா. கம்ப்யூட்டர் சென்டரைப் பூட்டிறப் போறாக. சென்னையை மொதல்ல போடு."

மற்றவர்கள்? சாத்தூர்ப் பக்கம் வேறொரு சாமி நீல நிறத்தில் எரிக்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். பட்டாசு சீசன் முழுக்கக் கை கால் ஓயாமல் உழைக்கிற ஊரய்யா இது. தலைக்கு மட்டும் ஏன் வருஷம் முழுக்க லீவு?