கணப்புக்கு மேலே தொங்கிய 1863

வெஸ்ட் ஹார்லோ, வெர்மான்ட்
22 மே 1962

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் எல்பர்ட் அவர்களுக்குத் தம்பி ஆரின் ஃபாசெட் எழுதுவது. இங்கே நானும் ஹெஸ்டரும் நலம். அங்கே உன் முதுகுவலியும் அண்ணியின் கோழிகளும் எப்படி? உன் வீட்டுக்கு வெள்ளையடித்து முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று கணப்புக்கு மேலிருந்து கழற்றி நீ என்னிடம் விட்டுப்போன பூட்டனாரின் துப்பாக்கியும் நலமே. அதற்கு வயதுதான் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

அப்பா உயிலில் உனக்குத் துப்பாக்கியையும், எனக்கு மேப்பிள் பாகு காய்ச்சும் ஓட்டைத் தட்டையும் எழுதிவைத்தார். அதைப்பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, ஹெஸ்டரிடம் பேசியதைத் தவிர. 1863-இல் கெட்டிஸ்பர்க் போருக்குப் போன துப்பாக்கியைத் தூக்கி வருபவரே நினைவு நாள் ஊர்வலத்தில் முதலில் நடக்க வேண்டும் என்பது நம் ஊர் விதி. அதனால் இருபத்திரண்டு வருடங்களாக நீ முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறாய். லத்தீன் வாத்தியாரான நான் பள்ளிப் பிள்ளைகளோடு, பால்பண்ணைக் குதிரைகளுக்குப் பின்னால், அடிமேல் அடி பார்த்துவைத்து நடக்கிறேன். ஏன் பார்த்து நடக்கிறேன் என்று குதிரை வளர்க்கிற உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை எண்ணெய் போடலாம் என்று துப்பாக்கியைச் சமையலறை மேசையில் வைத்தேன். மேலே இருக்கிற கீல்வைத்த மூடி திறக்கவில்லை, ரொட்டிக் கத்தியால் நெம்பினேன், கத்தி வளைந்தது, மூடி பட்டென்று திறந்தது, எண்ணெய் என் மாமியார் ஹெஸ்டருக்குப் பின்னிக் கொடுத்த மேசைவிரிப்பில் கொட்டியது, குழாய்க்குள்ளிருந்து பதினோரு காய்ந்த பீன்ஸ் விதைகள் உருண்டு வந்தன. எல்பர்ட், 1919-இல் அதற்குள் பீன்ஸ் போட்டது நீ. அடி வாங்கியது நான். விதைகளை இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

"உங்க அண்ணன் துப்பாக்கிய வச்சு அவரையே சுடப் பாக்குறீங்களா?" என்றாள் ஹெஸ்டர்.

"எண்ணெய் போடுறேன்."

"எண்ணெய் போடுற மூஞ்சியா இது?"

திறந்த மூடி திரும்ப மூடவில்லை. எனவே துப்பாக்கி பழுதுபார்க்கும் காக்னோனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது எந்த வருஷம்னு உங்க வீட்ல சொல்றாங்க?"

"1863. பக்கத்துல கொட்டை எழுத்துல அடிச்சிருக்கே."

"அது விசைப்பூட்டுத் தகடு. போர் முடிஞ்சப்புறம் மிச்சம் கெடந்த பழைய பூட்டையெல்லாம் வீணாக்காம புதுத் துப்பாக்கில மாட்டிட்டாங்க. மேல இந்த மூடிய மட்டும் கொஞ்சம் தொடைங்க."

என் கைக்குட்டையால் துடைத்தேன். 1870.

"மூடிய பின்னால யாராவது மாத்தியிருக்கலாமே?" என்றேன், பூட்டனார் மானத்துக்காக.

"குழாய்ல இருக்கிற நம்பரும் மூடில இருக்கிற நம்பரும் ஒண்ணு, பாருங்க. ரெண்டும் சேந்தே பொறந்தது. அதுவுமில்லாம இது பின்பக்கம் மூடியத் திறந்து தோட்டா போடுறது. உங்க பூட்டனாரு அன்னிக்குக் குழாய் வாய்ல மருந்து கொட்டி, குச்சியால இடிச்சுல்ல சுட்டிருப்பாரு? இது மட்டும் கையில இருந்திருந்தா மூணு நாள் சண்டைய மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிட்டு வந்திருப்பாரு."

அண்ணா, நான் சிரிக்கவில்லை. கடையைவிட்டு வெளியே வந்து, தெருமுனை தாண்டி, தேவாலயத்துக்குப் பின்னால் போய்த்தான் சிரித்தேன். நாற்பத்தொன்பது வயதில் விலா வலிக்கச் சிரித்தேன். பூட்டனார் ஓபடையா கெட்டிஸ்பர்க்கில் போரிட்டது உண்மை. ஆனால் அதற்கு ஏழு வருடம் கழித்துச் செய்த துப்பாக்கியை அங்கே தூக்கிப்போக அவராலும் முடியாது. ஆகவே இந்த ஆண்டு நீ முன்னால் நடக்க முடியாது என்பதை மிகுந்த வருத்தத்துடன், நான் அனுபவித்த வருத்தங்களிலேயே இனிப்பான வருத்தத்துடன், தெரிவித்துக்கொள்கிறேன். குதிரைகளுக்குப் பின்னால் என் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. பழைய காலணி போட்டுக்கொண்டு வா.

அண்ணிக்கு என் வணக்கம். கோழிகள் நன்றாக முட்டையிட வேண்டுகிறேன்.

உன் அன்புத் தம்பி,
ஆரின்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போன ஹெஸ்டர் போடாமலே திரும்பி வந்துவிட்டாள். தபால் நிலைய வாசலில் ராய்ஸ் கட்டிங் நின்றிருந்தானாம். 1934-இல் நம் வேலியை நான்கடி நகர்த்திய அதே கட்டிங். "ஃபாசெட் வீட்டுத் துப்பாக்கிக்கு என்னிக்காவது ஒடம்பு சரியில்லேன்னா சொல்லுங்க, எங்க வீட்டுது எண்ணெய் போட்டுத் தயாரா இருக்கு" என்றானாம். அவர்கள் வீட்டுத் துப்பாக்கி கெட்டிஸ்பர்க் போனதுதான், நிஜமாகவே. நம் துப்பாக்கி வராவிட்டால், விதிப்படி முன்னால் நடப்பது அவன்.

"அண்ணன் முன்னாடி போனா பின்னாடி பொருமிக்கிட்டாவது நடப்பீங்க. கட்டிங் முன்னாடி போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

காக்னோனைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னிடமிருந்து இரண்டு டப்பா மேப்பிள் பாகு வாங்கிக்கொண்டு, தனக்கு வயதாகிவிட்டது, 1863-க்கு மேல் எந்த எண்ணும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார். மூடியையும் சரிசெய்து கொடுத்துவிட்டார். மேலே எழுதியிருப்பதை நீ ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. முப்பதாம் தேதி, நினைவு நாளன்று, துப்பாக்கியை வலது தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் நட. கொடியை நான் பிடிக்கிறேன் என்று ஊர்வலக் குழுவிடம் சொல்லிவிட்டேன். உன் வலது பக்கத்தில், கொடித்துணி அந்த மூடிமேல் விழுகிற மாதிரி ஒட்டியே வருவேன். என்னை விட்டு ஓரடிகூட விலகி நடக்காதே. காற்றடித்தால் 1870 தெரியும்.