முதல் பக்கத்தில் இரண்டு ஓம்

டோர்ட்மண்ட்
19.06.2005

அன்பின் சிற்றம்பலம் அண்ணைக்கு,

இங்கு நானும் றீற்றாவும் மகள் சுபானியும் நலம். ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் உங்கள் இடது முழங்காலும் நலமாயிருக்க நான் பிள்ளையாரையும், றீற்றா தன் மாதாவையும் வேண்டிக்கொள்கிறோம். இரண்டு இடத்திலும் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டிருப்பதால் ஓரிடத்திலாவது அனுமதி கிடைக்கும்.

ஐரோப்பாவின் இருபத்தைந்து நாடுகளும் சேர்ந்து ஒரு பொது அரசியல் யாப்பு எழுதியதையும், அதைப் பிரான்சுக்காரரும் ஒல்லாந்துக்காரரும் வேண்டாம் என்று சொன்னதையும் அங்கேயும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதே நாட்களில்தான் எங்கள் யாப்பும் விழுந்தது. அது பத்திரிகையில் வரவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

டோர்ட்மண்ட், டுசல்டோர்ஃப், பான் ஆகிய மூன்று நகரத் தமிழ்ச் சங்கங்களும் ஓர் ஒன்றியமாகச் சேர்வதென்று இரண்டு வருடத்துக்கு முன் தீர்மானித்தோம் அல்லவா, மூன்றும் இறைமையுள்ள சங்கங்கள், ஒன்றின் முத்திரையை மற்றது தொடாது, எங்கள் ஒலிபெருக்கி இறைமைக்குள் அடங்குமா என்பதற்கே மூன்று கூட்டம் போனது, பிறகு தலைமை எந்த ஒழுங்கில் சுற்றும் என்ற கேள்வி வந்தது, தமிழ் அகரவரிசை என்றால் டுசல்டோர்ஃப் முதல், ஜெர்மன் வரிசை என்றால் பான் முதல், எப்படி அடுக்கினாலும் டோர்ட்மண்ட் நடுவில்தான் நிற்கும், நடுவில் நிற்பவன் பொதுவானவன் என்று சொல்லி யாப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதினேன். நாற்பத்தொரு பிரிவு. கடைசிப் பிரிவில், மூன்று சங்கமும் சம்மதித்தால்தான் ஒன்றியம், ஒன்று மறுத்தாலும் இல்லை என்று நானே எழுதி வைத்தேன். அந்தப் பிரிவுதான் என்னைக் கவிழ்த்தது.

சம்மதம் கேட்கும் முறை மிகவும் எளிது. ஒரே மூலப்பிரதி மூன்று ஊருக்கும் போகும், அவரவர் முதல் பக்கத்தின் மேலே தங்கள் முடிவை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் ‘ஓம்’ என்று எழுதினேன். டுசல்டோர்ஃப் தலைவி கொறற்றி அக்கா, அவ ஒரு நாளும் மாதா கோயில் பூசை தவறவிடாத மனுஷி, என்னிலும் பெரிய எழுத்தில் ‘ஓம்’ என்று எழுதினா. பிறகு அது பானுக்குப் போனது. அங்கே சங்கத்தில் எல்லாரும் இந்தியாவிலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்தவர்கள், மரியாதையான ஆட்கள். அவர்களிடமிருந்து இப்படிப் பதில் வந்தது: “யாப்பு மிகச் சிறப்பு. முதல் பக்கத்தில் உள்ள இரண்டு ஓம்களையும் நீக்கினால் மகிழ்ச்சியுடன் கையெழுத்திடுவோம்.”

வாசித்த கையோடு கொறற்றி அக்காவுக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னேன்.

“தம்பி, நான் செபம் சொல்லிப்போட்டு, நாற்பத்தொரு பிரிவையும் வாசிச்சுப்போட்டுத்தான் ஓம் எண்டு எழுதினனான். அதை எடுக்கச் சொல்ல அவை ஆர்?” என்றா.

நியாயமான கேள்வி. ‘எங்கள் ஓம் எங்கள் இறைமை, அதை எடுக்க ஏலாது’ என்று பானுக்கு எழுதினேன். அதற்கு அவர்கள், தங்கள் சங்கத்தில் முஸ்லிம் நண்பர்களும் கிறிஸ்தவ நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மனம் நோகும் என்று எழுதினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அண்ணை. முஸ்லிம்கள் ஓம் என்று சொல்வதில்லையா? ஊரில் சந்தையடியில் கடை வைத்திருந்த காசிம் நானா எதைக் கேட்டாலும் ஓம் என்றுதானே சொல்லுவார், சாமானைத்தான் தரமாட்டார். சேர விருப்பமில்லாதவர்கள் சாட்டுச் சொல்கிறார்கள் என்று முடிவெடுத்து, எங்கள் சங்கச் செயலாளர் பதவியை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் பான் என்ற பேச்சே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். சுபானி சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் விஷயமாகத்தான் உண்மையில் இந்தக் கடிதம். நான் கையால் எழுதிய யாப்பை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கணினியில் தட்டி, பான் சங்கச் செயலாளர் அரவிந்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியது அவள்தான். கோயம்புத்தூர்ப் பெடியன், ஆராய்ச்சி செய்கிறார். ஒரு பிரிவுக்கு இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பத்துக் கடிதம் எழுதுவார்கள், அவ்வளவு அக்கறை. ஏப்ரல் கடைசியில் அது நின்றுபோனது. அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதில்லை. யாப்பில் இவ்வளவு பற்று வைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இருபத்தாறு வயதாகிறது. ஆகவே அங்கே கனடாவில் ஒரு நல்ல மாப்பிள்ளை பாருங்கோ. எங்கட ஆளாக, எங்கட கதை விளங்குகிற ஆளாக இருந்தால் போதும். “பிள்ளையைக் கேட்டனீங்களோ?” என்று றீற்றா கேட்கிறா. கேட்க என்ன இருக்கிறது, தகப்பனுக்குத் தெரியாதா?

அண்ணிக்கு எங்கள் அன்பு. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கோ. எல்லாத் தெய்வமும் உங்களோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
குணசேகரம்
(முன்னாள் செயலாளர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அழைப்புமணி அடித்தது. வாசலில் அரவிந்த், கையில் எங்கள் மூலப்பிரதி. தபாலில் போட மனம் வரவில்லையாம்.

“சார் வீட்ல இருக்காருங்களா?”

“ஓம்,” என்றா றீற்றா.

அவர் ஒருகணம் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

“உள்ள வரலாங்களா?”

“ஓம், வாங்கோ.”

மறுபடியும் கும்பிட்டார். தேத்தண்ணீரோடு வந்த சுபானியிடம், முகத்தைப் பார்க்காமல், “நல்லா இருக்கீங்களா?” என்றார். அவளும், “ஓம்” என்றாள். இந்த முறை அவர் கும்பிடவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“சார், ஓம்னா… ஆமாங்களா?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் “ஓம்” என்றோம். இரண்டு வருடத்தில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

அவர் யாப்பைக் கவனிக்கவேயில்லை, சுபானி பக்கம் திரும்பி, “அப்ப ஏப்ரல்ல நீங்க எனக்கு அனுப்பின பதில்?” என்றார்.

“ஓம் எண்டுதானே எழுதினனான்,” என்றாள் அவள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நடந்தது இதுதான் அண்ணை. கலியாணம் செய்ய விருப்பமா என்று கேட்டு அவர் தமிழில் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் படித்த எங்கள் பிள்ளை, பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரு சொல்லை எழுதி அனுப்பியிருக்கிறாள். அவர் அதைப் பார்த்து, பிள்ளை சாமி வழியில் போய்விட்டாள் என்று நினைத்து, ‘உங்கள் ஆன்மிக வாழ்வு சிறக்கட்டும்’ என்று வாழ்த்திவிட்டு ஒதுங்கிவிட்டார். அவர் தன்னைக் கழித்துவிட்டார் என்று இவள் இருந்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று ஊரின் சம்மதத்துக்காக இரண்டு வருடம் அலைந்தவன், ஒரே மேசையில் சாப்பிடுகிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டேன். “உனக்கு விருப்பமோ, பிள்ளை?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து, “ஆமாங்க,” என்றாள்.

அரவிந்த் பேனாவை வாங்கி, எங்கள் இரண்டு ஓமுக்கும் கீழே ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒன்றியம் உண்டாகிவிட்டது. ராஜினாமாவை நான் திரும்ப எடுத்துவிட்டேன். கனடா மாப்பிள்ளை வேண்டாம், மேலே எழுதியவை எல்லாவற்றையும் மறந்துவிடுங்கோ.

பெரியப்பா என்ற முறையில் உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும். அந்தக் கடிதத்தை அப்படியே கோயம்புத்தூருக்கு அனுப்பப்போகிறோம். ஆகவே அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ‘ஓம்’ என்று மட்டும் எழுதிப் போடாதேங்கோ.