மேட்டுத் தெரு வளைவில் எரிந்த விளக்கு

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போவதில்லை என்று நம்ம இன்ஷூரன்ஸ் குமாஸ்தா வாரந்தவறாமல் சபதம் எடுப்பார். எடுத்த சபதங்களை அடுக்கி வைத்திருந்தால் வீட்டில் நடக்க வழி இருந்திருக்காது. காலையில் எழுந்ததும் சபதம். காபி ஆறுவதற்குள் கையில் ஸ்டியரிங்.

மாமனார் பொல்லாதவர் இல்லை. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மாமியார் போனபிறகு தனி ஆள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அதையும் குமாஸ்தா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்.

"என்ன மாப்பிள்ளை, ஆபீஸ்ல இன்னும் அதே சீட்டுதானா?"

அதே சீட்டுதான். குமாஸ்தாவிடம் தொழில் கற்றுக்கொண்ட ஒருத்தன் இப்போது கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, மணியடித்து அவரையே கூப்பிடுகிறான். வாரம் முழுக்க அந்த மணிக்கு ஓடியவர், ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் செலவழித்துப் போய் அதைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த விளக்கு எரிந்தது.

மேட்டுத் தெரு செங்குத்தாக ஏறும். பாதியில் மடக்கென்று வலப்பக்கம் திரும்பும். மனைவி அப்பாவுக்குப் பிடித்த பலகாரங்களையும் ஊறுகாயையும் கூடையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். வளைவில் வண்டி திரும்பியதும் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி.

"ஏங்க, அது என்ன?"

"பிரேக்!"

"ஹேண்ட் பிரேக்கை இறக்கினீங்களா?"

"இறக்காம வண்டி எப்படி ஏறுச்சு? நீ பின்னாடி நின்னு தள்ளினியா?"

அன்றைக்குக் குமாஸ்தா நிஜமாகவே பயந்தார். வண்டியைத் திருப்பிவிட்டார். கீழே சமதரைக்கு வந்ததும் விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சே. மறுபடி போய்ப் பார்க்கலாமா?"

"எரியுற விளக்கையாவது நம்பலாம். அணைஞ்ச விளக்கை நம்பக் கூடாது."

அன்றைக்கு மத்தியானம் அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, கல்யாணத்துக்கு முன்னால் தூங்கியது.

மறுநாள் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். விஷயம் சுண்டைக்காய். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. சமதரையில் அது போதும். மேட்டில் ஏறி வளைந்தால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், உள்ளே இருக்கும் மிதவை இறங்கும், விளக்கு எரியும். ஒரு பாட்டில் ஊற்றினால் முடிந்தது. கடைக்குப் போய் வாங்கியும் வந்துவிட்டார். மூடியைத் திருகும்போது கை நின்றது.

ஊரில் எந்தத் தெருவிலும் எரியாத விளக்கு மாமனார் தெருவில் மட்டும் எரிகிறது. இப்படி ஒரு வரம் யாருக்குக் கிடைக்கும்? பாட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போனது. பிரேக் பிடிக்காதது வண்டிக்கு. மாமனாரைப் பிடிக்காதது குமாஸ்தாவுக்கு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஆசையாகக் கிளம்புவார். வளைவு வரும், விளக்கு வரும், வண்டி வீடு வந்து சேரும்.

"மெக்கானிக்கிட்ட காட்டினா என்னங்க?"

"காட்டினேனே. அவன் ஷெட்டுல எரிய மாட்டேங்குது. எரியாத விளக்கை வச்சு அவன் என்ன பண்ணுவான்?"

"அப்போ அவரை மேட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவனுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்கம்மா."

"அப்பா கேட்டைத் திறந்து வச்சுட்டு நின்னுட்டே இருப்பாருங்க."

"நல்லதுதானே. காத்து வரும்."

மனைவி திரும்பி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையை மடியில் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று குமாஸ்தா சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த ஞாயிறு அவள் அவரை எழுப்பவே இல்லை. மேட்டடி வரைக்கும்தான் பஸ். அதில் போய் இறங்கி, கூடையைச் சுமந்து மேலே நடந்து போயிருக்கிறாள். குமாஸ்தா சோபாவில் காலை நீட்டிக் கிடந்தபோது வாசலில் டாக்சி ஹாரன் கேட்டது. முதலில் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அப்புறம் ஒரு கைத்தடி. அதைப் பிடித்துக்கொண்டு மாமனார். பின்னாலேயே மனைவி.

"குளியலறையில வழுக்கி விழுந்திருக்காரு. கால் வீங்கிப் போய், ரெண்டு நாளா பிஸ்கட்டைத் தின்னுட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காரு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா!"

"பண்ணலாம்தான் மாப்பிள்ளை. பிரேக் இல்லாத வண்டியை எடுத்துட்டு நீங்க பதறியடிச்சு ஓடி வந்து, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? அதான் பேசாம இருந்துட்டேன்."

குமாஸ்தாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் மாமனார் நகர்ந்து போய் அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய ரிமோட்டைக் கையில் எடுத்ததும் அந்தச் சுருக்கு சரியாகிவிட்டது.

சமையலறைக்கு ஓடினார். "எத்தனை நாளைக்கு?"

"வண்டி சரியாகிற வரைக்கும்தாங்க. வண்டி மேல ஏறலைன்னா என்ன, மனுஷன் கீழ இறங்கிட்டாரு."

வாரம் ஒருமுறை கேட்ட கேள்வி இப்போது தினமும் சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தது. விடுமுறை நாளில் கேள்விக்கு விடுமுறை இல்லை. ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு பெயிண்ட் டப்பாக்களைத் தள்ளிவிட்டுப் பாட்டிலை எடுத்தார். ஊற்றும்போது பின்னால் மனைவி.

"என்னங்க அது?"

"பிரேக் ஆயில். இப்பதான் வாங்கிட்டு வந்தேன்."

"தூசியும் இப்பதான் பிடிச்சுதா?"

குமாஸ்தா பாட்டிலைச் சட்டையில் துடைத்தார். சட்டைதான் கறுப்பானது.

"ஊத்தினா போதுமாங்க? ஆயில் ஏன் குறைஞ்சுதுன்னு பார்க்க வேணாமா? ஒண்ணும் அவசரமில்லை, பொறுமையா பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பொறுமைதான் அவருக்கு உதைத்தது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக நிஜமாகவே மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடை எடுத்து நீட்டினான். கல்யாணப் பத்திரிகை கூட அதைவிடத் தடிமன்.

"சார், இதை வச்சுக்கிட்டா ஓட்டினீங்க? பேட் தேயத் தேய ஆயில் இறங்கும். விளக்கு அதைத்தான் கத்திக்கிட்டு இருந்திருக்கு."

விளக்கு ஒருநாளும் பொய் சொல்லவில்லை. அந்த வண்டியில் பொய் சொன்னது ஒரே ஒரு ஆள்தான்.

புது பேடு மாட்டியாயிற்று. வீட்டுக்குச் சொல்லாமல் குமாஸ்தா நேராக மேட்டுத் தெருவுக்கு விட்டார். வளைவு வந்தது. டாஷ்போர்டையே பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. வேண்டுமென்றே ஒருமுறை பிரேக்கை அழுத்தினார். சொன்ன இடத்தில் நின்றது. "மாமா, கால்தான் தேறிடுச்சே, பெட்டியை எடுங்க, நானே கொண்டுபோய் விடறேன்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாமனார் வீட்டுக் கேட் திறந்திருந்தது. கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பனியனோடு ஒருவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"யாருங்க வேணும்?"

"யாரு வேணுமா? இது எங்க மாமனார் வீடு!"

"அடடே, மாப்பிள்ளை சாரா! உள்ள வாங்க. போன வாரம்தான் குடிவந்தோம். உங்க வீட்டம்மாதான் சாவி குடுத்தாங்க."

குமாஸ்தா கேட்டைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளைக்குன்னு ஏதாவது..."

"நானும் அதைத்தான் சார் கேட்டேன். 'எங்க வண்டி பிரேக் சரியாகிற வரைக்கும்'னாங்க. பிள்ளைங்களை வச்சுக்கிட்டுத் திடீர்னு காலி பண்ணச் சொன்னா எங்க போறதுன்னு பயந்துட்டேன். அம்மா சிரிச்சுட்டு, 'கோளாறு வண்டியில இல்லைங்க, நீங்க நிம்மதியா இருங்க'ன்னுட்டாங்க."