அருளம்பலம் காப்பாற்றிய மான்குட்டி

அருளம்பலம் மான்குட்டியைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வந்தபோது, மனைவி குணேஸ்வரி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டையடியில தனியக் கிடந்தது. தாயில்லாப் பிள்ளை," என்றார்.

"நீங்கள் வளர்த்த கிளி செத்தது. மீன் செத்தது. கற்றாழையும் செத்தது. கற்றாழையைச் சாகடிக்க வேற ஆருக்காவது ஏலுமே? பாவம், இதை விடுங்கோ."

அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். அதனால்தான் இந்த ஒரு உயிரையாவது பிழைக்க வைத்துக் காட்டவேண்டும் என்று துடித்தார்.

போத்தலில் பால் கொடுத்தார். குட்டி உதைத்த உதையில் பால் முழுவதும் அவருடைய கண்ணாடியில். குளிருகிறதாக்கும் என்று சாமியறையில் விட்டார். அது பிள்ளையாரின் மாலையைத் தின்றுவிட்டு அங்கேயே கழிந்தும் வைத்தது. கதவைச் சாத்தினார். கத்தத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு ஓட்டோக்காரன் அபூதாஹிர் மதிலால் எட்டிப் பார்த்தான்.

"அண்ணன், வெள்ளிக்கிழமையும் அதுவுமா மான் இறைச்சியோ? உங்களைச் சைவம் எண்டெல்லோ நினைச்சன்!"

"விசர்க்கதை கதையாத! காப்பாத்தப் போறன்."

"பொலிஸுக்கும் அப்பிடியே சொல்லுங்கோ. வீட்டில மான் வச்சிருந்தா உள்ளுக்குப் போடுவாங்கள்."

அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட அருளம்பலம் முடிவெடுத்தார். குட்டியைப் படுக்கை விரிப்பால் மூடிக்கொண்டு அவனுடைய ஓட்டோவிலேயே ஏறினார். விரிப்புக்கு வெளியே நாலு குளம்பும் தெரிந்தன. கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் நின்று பார்த்தது.

"காப்பாத்தத்தான் கொண்டு போறன்!" என்று வழிநெடுகக் கத்தினார். கத்தக் கத்த அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த வனசீவராசிகள் கந்தோரில் காவலாளி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"தாயில்லாப் பிள்ளை, தம்பி. என்ர கையில உயிர் தங்காது. நீங்களாவது வளர்த்தெடுங்கோ," என்றார் அருளம்பலம், குட்டியைக் கையிலிருந்து விடாமலே. நாலு மணித்தியாலத்தில் அதன்மேல் அவ்வளவு பாசம் வைத்துவிட்டார், பாவி மனிதர்.

காவலாளி குட்டியை வாங்கிக் கீழே விட்டார். அது துள்ளி ஓடியது. வேப்பமரத்தடியில் நின்ற பெட்டைமான் ஒன்று அதை நக்கத் தொடங்கியது.

"இந்தக் கிழமை இதைக் காப்பாத்தின ஆக்களில நீங்கள் நாலாவது, ஐயா," என்றார் காவலாளி. "தாய்க்காரி இப்ப தேடித் திரியிறேல்ல. மேய்ஞ்சு முடிய, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நேரா இஞ்ச வந்து நிண்டிடுவா."